முதுகில் ஏறிய சுவர்

தேவமிக்கேல்குளத்துக் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர், குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் காலையிலிருந்து ஊரார் முதுகில் ஏறத் தொடங்கியது. முதல் கல் ஏறியது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் கோயில் கமிட்டித் தலைவருமான சந்தியாகுவின் முதுகில். கோழி கூவும் நேரத்தில் எழப் பார்த்தவர் எழ முடியாமல், "பிலோமி, யாரு எம்மேல ஏறி உக்காந்திருக்கா?" என்று கேட்டார். அவர் மனைவி பிலோமினா லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பால் திரிந்துவிட்டதைச் சொல்லும் குரலில், "யாருமில்ல, கல்லு" என்றாள்.

ஒரு சாண் உயரம், முக்கால் முழ நீளம், ஓரத்தில் பழைய சுண்ணாம்புக் காரை. கயிறில்லை, பசையில்லை. கல்லுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்து மறுபக்கம் எடுக்கலாம். ஆனாலும் அது விழவில்லை. ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றபோது நாற்பது கிலோ கூடக் காட்டியது. அன்று காலை கல்லறைத் தோட்டப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், சுவரின் மேல்வரிசையில் ஒரு கல் அளவுக்கு வானம் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

அந்தச் சுவரைக் கட்டியது மேலத்தெருக்காரர்களின் தாத்தாக்கள். ஊருக்கு ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பூசை. செத்த பிறகு மட்டும் மேலத்தெருக்காரர்களுக்குச் சுவருக்கு மேற்கே மேடு, கீழத்தெருக்காரர்களுக்குச் சுவருக்குக் கிழக்கே பள்ளம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் இறங்க அந்தத் தாத்தாக்கள் மறக்காமல் சுவரின் அடியில் துளைகள் விட்டிருந்தார்கள். ஆகவே மேலத்தெருவின் செத்தவர்கள் காய்ந்த மண்ணில் கிடந்தார்கள். கீழத்தெருவின் செத்தவர்கள் அவர்களைக் கழுவி வந்த தண்ணீரில் கிடந்தார்கள்.

இரண்டு பக்கமும் குழி வெட்டியவர் ஒருவர்தான். கீழத்தெரு தொம்மை. மேட்டில் நெஞ்சளவு வெட்டுவார், கையில் ஈரம் படாது. பள்ளத்தில் முழங்கால் அளவு வெட்டும் முன் ஊற்று வந்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவர் மனைவி லூர்து செத்தபோது குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, பெட்டி மிதந்தது. தொம்மையும் அவர் மகள் மதலேனும் ஆளுக்கொரு மூங்கிலால் பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சேற்றை அள்ளிப் போட்டார்கள். போதும் என்று மூங்கிலை எடுத்ததும் பெட்டி ஒரு தடவை மேலே வந்தது. மதலேன் மூங்கிலை எறிந்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். தன் அம்மாவின் மேல் தன் முழு எடையோடும் நின்றாள், மண் மூடும்வரை நின்றாள், அன்றைக்கு அவள் அழவில்லை.

மதலேன் போர்டு எழுதுகிறவள். டவுன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, லாரிகளுக்குப் பின்னால் கழுகு, பள்ளிக்கூடச் சுவரில் திசைகாட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒன்று தெரிந்தது: மனிதர்களின் முதுகில் என்ன இருக்கிறது என்பது. இரண்டாம் வகுப்பில், "சார் முதுகுல ஒரு நெல்லுக்குதிரு இருக்கு, உள்ள யாரோ தட்டுறாங்க" என்று சொல்லி சந்தியாகு சாரிடமே அடி வாங்கினாள். வீட்டுக்கு வந்து சொன்னதற்கு அம்மாவிடமும் வாங்கினாள். அதன்பிறகு சொல்வதை விட்டுவிட்டாள், பார்ப்பதை விடவில்லை.

அந்த ஊரில் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய தபசுக்காலம் நாற்பது நாளும் கோயில் மண்டபத்தில் ராகம் போட்டுப் படிக்கும் ஒரு பழைய கதைப்பாட்டு உண்டு. ஆத்துமாள் என்ற பெண்ணை ராஜா விருந்துக்குக் கூப்பிடுகிறார். அவள் ஏழு வாசலைக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன், ஒவ்வொருவனும் ஒன்றைக் கேட்கிறான். முதல் வாசலில் பெருமையை வைத்துவிட்டுப் போ என்கிறான், அடுத்தவன் ஆசையை வை என்கிறான், ஐந்தாம் வாசல்காரன் கோபத்தை வை என்கிறான். ஆத்துமாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெருப்புக்கங்கை அவிழ்த்து அவன் காலடியில் வைக்கும்போது மண்டபமே அழும். கீழத்தெருக்காரர்கள் எல்லாரையும்விட அதிகமாக அழுவார்கள், ஏனென்றால் வருஷா வருஷம் கோபத்தை வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்தான்.

மண்டபத்தில் மாட்டியிருந்த பழைய ஏழு படங்களைக் கரையான் தின்றுவிட்டதால், புதிதாக வந்த பங்குச்சாமியார் இன்னாசி, வெளியூர்க்காரர், யாரையும் கேட்காமல் மதலேனைக் கூப்பிட்டு ஏழு பலகை வரையச் சொன்னார்.

"கதையில இல்லாதத வரையலாமா ஃபாதர்?" என்று கேட்டாள் மதலேன்.

"கதைக்குத்தானம்மா படம். இல்லாதத எதுக்கு வரையணும்?"

"ஏழு வாசல் இருக்குல்லா. வாசல் இருந்தா சுவரும் இருக்கணும்லா. வாசல்ல நிக்கவன் பேரு, அவன் கையில உள்ள வேலு, அவன் மீசை எல்லாம் பாட்டுல வருது. சுவரக் கட்டினது யாருன்னு ஒரு வரி கிடையாது."

சாமியார் யோசித்துவிட்டு, "வரையம்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னால் பல இரவுகள் தூங்கவில்லை.

நாலு மாதம் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து படங்களின் மேலிருந்த துணியை விலக்கினாள். முதல் படத்தில் வாசல் ஒரு தீப்பெட்டி அளவுதான். மற்ற இடமெல்லாம் சுவர், சுவரை நோக்கி முதுகில் கல் சுமந்து போகிற ஜனங்கள், வரிசை வரிசையாக, முகமே இல்லாமல், வெறும் முதுகுகள். ஒவ்வொரு படத்திலும் சுவர் வளர்ந்தது, ஆத்துமாள் சின்னதானாள். ஐந்தாம் படத்தில் அவள் அந்த நெருப்புக் கங்கைக் கீழே வைக்கவில்லை. குனிந்து அதை ஊதிக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற காவல்காரனின் விளக்கில் எரிந்தது முன்னே வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன கங்குகள். ஏழாம் படத்தில் விருந்து மண்டபத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது, ஒருவரும் இல்லை. ராஜா சுவருக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். சுவர் கட்டியவர்கள் அவரையும் வெளியே வைத்துக் கட்டிவிட்டார்கள்.

தன் முதுகு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிலோமினாதான் மூன்றாம் படத்தின் முன் நின்று, இடது தோள்பட்டைக்குக் கீழே அவரைவிதை போலிருந்த மச்சத்தைத் தொட்டு, "இது எங்க வீட்டு சார்லா" என்றாள். பிறகு ஒவ்வொரு மனைவியாக, ஒவ்வொரு அம்மாவாக, முடிவெட்டுகிற அருளப்பன் கடைசியாக, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மேலத்தெருவில் ஒரு முதுகு மிச்சமில்லை. மறுநாள் முதல் கல் ஏறியது.

பெரிய வெள்ளிக்குள் பதினொன்று. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில் நாற்பது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் விலா எலும்பு தெரிந்தது, கல் தெரியவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியவர்கள் ஆளோடு சேர்ந்து விழுந்தார்கள். கொஞ்ச நாள் ஒப்பாரி, கொஞ்ச நாள் நவநாள் செபம், பிறகு அலுத்துப்போய் ஊர் அதனோடு இருக்கப் பழகிவிட்டது.

தையல்காரர் முதுகில் பை வைத்த சட்டை தைத்தார், அது நன்றாக இருக்கிறதென்று பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்டு வாங்கினார்கள். கோயில் பெஞ்சுகளின் சாய்மானத்தை அறுத்து எடுத்தார்கள். மினிபஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்தார். சனிக்கிழமை எண்ணெய் வைக்கும்போது பெண்கள் புருஷனின் தலைக்கு ஒரு கை, கல்லுக்கு ஒரு கை வைத்தார்கள், கல் பளபளத்தது. கல்யாண போட்டோவை நேர் முன்னாலிருந்து மட்டும் எடுத்தார்கள். புழுக்கம் தாங்காத மதியங்களில் ஆண்கள் கவிழ்ந்து படுத்துக் கிடக்க, அவர்கள் முதுகுக் கல்லில் வற்றல் காய்ந்தது.

வைகாசி வந்தபோது கல் சுமப்பதே மதிப்பாகிவிட்டது. கல் ஏறாத இரண்டொரு மேலத்தெரு வீடுகளைப் பற்றி ஊரில் குசுகுசுத்தார்கள், அந்தக் குடும்பத்துப் பிறப்பில் ஏதோ கலப்பிருக்கிறதென்று. பெண் பார்க்க வந்தவர்கள், "மாப்பிள்ளைக்கு மேல்வரிசைக் கல்லா, அடிவரிசைக் கல்லா?" என்று கேட்டார்கள். அடிவரிசை பெரிது, தாத்தா முதல் நாளே வேலைக்குப் போனவர் என்று அர்த்தம். துபாயில் வேலை பார்த்த ஒருவன் ஏர்போர்ட்டில் கல் ஏறி, கூடுதல் எடைக்கு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குப் போன் போட்டுச் சந்தோஷத்தில் அழுதான். கல்லில் பெயர் கொத்திக்கொண்டவர்கள் உண்டு, சிலுவை கொத்திக்கொண்டவர்களும் உண்டு.

கீழத்தெருவில் ஒருவர் முதுகிலும் கல் ஏறவில்லை. முதல் வாரம் அவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் மேலத்தெரு வயல்களில் குனிந்து நிமிர முடியாதவர்களின் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து சிரிக்கவில்லை.

ஆடி முடியும்போது கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது. அந்தக் கோட்டை யாரும் தாண்டவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் சந்தியாகு மதலேன் வீட்டுக்கு வந்தார். எழுபத்தொரு வருஷத்தில் அவர் கீழத்தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் பிலோமினா, அவளுக்கும் அதற்குள் ஒரு கல். வாசலில் நாற்காலி போட்டாள் மதலேன். கல் இடித்ததால் சந்தியாகுவால் உட்கார முடியவில்லை, அல்லது உட்கார அவர் விரும்பவில்லை.

"அந்தப் படத்த அழிச்சிரு, மதலேனு. முதுகையெல்லாம் வெள்ளையடிச்சிரு. என்ன கேட்டாலும் கமிட்டி செய்யும்."

"நான் வரைஞ்சத அழிக்கலாம் சார். நீங்க கட்டினத யாரு அழிக்க?"

"நான் கட்டல. எங்க தாத்தா கட்டினாரு."

"இந்தக் கல்ல யாருகிட்ட கேட்டு எடுத்து வச்சிருக்கீங்க? ஒங்க தாத்தாகிட்டயா?"

பழைய நாளாக இருந்தால் சந்தியாகு பிரம்பைத் தேடியிருப்பார். "வைத்தியன், டாக்டரு, கொல்லன் எல்லாம் பார்த்தாச்சு. எடுக்க முடியல."

"அவங்க எடுக்கப் பார்த்தாங்க. நீங்க வைக்கப் பார்க்கலையே. குனிஞ்சு கீழ வைங்க சார். விழுந்துரும்."

"எங்க?"

"இங்க. இந்த மண்ணுல."

அவர் தரையைப் பார்த்தார். கோழி கிளறிய மண், அடுத்த வீட்டுக்காரி துணி துவைத்துக் கொட்டிய தண்ணீர், தொம்மையின் மண்வெட்டி. தன் தாத்தாவின் கல் அங்கே கிடப்பதையும், அதன்மேல் யாரோ துணி அடிப்பதையும் அவர் கண்டிருக்க வேண்டும். "திமிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பிலோமினா போகவில்லை. "தாகமா இருக்கு புள்ள" என்றாள். மதலேன் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிலோமினா அண்ணாந்து ஊற்றாமல் வாய்வைத்துக் குடித்தாள். உள்ளே கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்த தொம்மையை ஒரு நொடி பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள், சந்தியாகு தெருவிலிருந்து கூப்பிட்டதும் போய்விட்டாள்.

தொம்மை ஐப்பசி இரண்டாம் வாரம் செத்தார். நாலு நாளாக மழை. பள்ளத்தில் தண்ணீர், பழைய சிலுவைகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மதலேன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஈரச் சேலையோடு சாமியார் முன்னால் நின்றாள்.

"எங்கப்பாவ மேட்டுல வைக்கப் போறேன் ஃபாதர். இப்பதான் சுவரு இல்லையே."

"பிரச்சினை வரும்மா."

"எங்கம்மா மேல நான் ஏறி நின்னேன். அது பிரச்சினை இல்லையா ஒங்களுக்கு?"

சாமியார் குடையை வைத்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

கிழக்கு வாசல் வழியாகப் பெட்டி உள்ளே போனது. தண்ணீரில் கால் வைத்து நடந்தார்கள். வெள்ளைக்கோடு இருந்த இடத்துக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் நின்றார்கள்.

சுவர் இருந்தது.

மேலத்தெரு முழுக்க, ஆண்களும் பெண்களும், மேற்கு வாசல் வழியாக வந்து, கோட்டின் மேல் தோளோடு தோள் சேர்ந்து, பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். குட்டையானவர்களுக்குப் பின்னால் நெட்டையானவர்கள், இடைவெளி தெரிந்த இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறியவர்கள். கல்லோடு கல் பொருந்தியிருந்தது. எண்பது வருஷத்துக்கு முன் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் இருந்ததோ அதே வரிசை. அடியில் அவர்களுடைய கால்களுக்கு நடுவே மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"வழி விடுங்க" என்றார் சாமியார். திரும்பவும் சொன்னார். ஒரு முதுகும் அசையவில்லை.

மதலேன் பெட்டியை இறக்கச் சொல்லவில்லை. சுமந்தவர்கள் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்க, அவள் சுவரின் வடகோடிக்குப் போய், ஒவ்வொரு முதுகின் முன்னும் நின்று நின்று வந்தாள். முகம் தெரியாமலே அவளுக்கு எல்லாரையும் தெரியும். நாலு மாதம் அவர்களை வரைந்தவள்.

"இது தேவசகாயம். ஒங்கப்பா லாரியில அடிபட்டு, போலீசு நாலாவது நாளு பெட்டியக் குடுத்துச்சு. நாத்தத்துக்கு நீங்க ரோட்டுலயே நின்னீங்க. எங்கப்பா ஒத்தையா இறக்கினாரு. இது ரெஜினாக்கா. ஒங்க மாமியாருக்கு வெட்டின குழி பத்தலைன்னு எங்கப்பாவ நாயேன்னு சொன்னீங்க. திரும்ப வெட்டினாரு. இது கிளமெண்டு. கொரோனாவுல ஒங்க அண்ணன் செத்தப்ப வீட்டுக்கதவப் பூட்டிக்கிட்டீங்க. எங்கப்பா கையுறைகூட இல்லாம மண்ணு போட்டாரு."

அவள் குரல் உயரவில்லை. மழைக்குள் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. ஒருவர் மட்டும், "நிறுத்துங்க ஃபாதர் இவள" என்றார். சாமியார் நிறுத்தவில்லை.

சந்தியாகுவுக்கு அடுத்து பிலோமினா.

"பிலோமினாம்மா. ஒங்களுக்குப் பொறந்த மூணு நாளுப் பிள்ளை. ஒரு முழக் குழி. அத வெட்டிட்டு வந்து எங்கப்பா மூணு நாளு சோறு தின்னல. அம்மா கேட்டதுக்கு, மண்வெட்டி அகலத்தவிடக் குழி சின்னதா இருந்துச்சு லூர்துன்னு சொன்னாரு. நான் அப்ப அடுப்படியில இருந்தேன்."

பிலோமினாவின் தலை முன்னால் சரிந்தது. முழங்கால் மடங்கியது. கல் சேற்றில் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, ஈரத்தில் மூட்டை இறக்கியது போலிருந்தது. ஆறு மாதம் பாரத்துக்கு எதிராக நின்று பழகிய உடம்பு, பாரம் போனதும் நிற்கத் தெரியாமல் முகங்குப்புற விழப் போய், கையை ஊன்றிக்கொண்டது. சுவரில் ஒரு ஆள் அளவுக்கு வழி.

"ஏ பிலோமி!" என்றார் சந்தியாகு. "எந்திரி! நில்லு!"

"இல்லைங்க" என்றாள் அவள், மண்ணில் இருந்தபடியே.

பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அந்த வழியாகக் கொண்டுபோனார்கள். சுமந்த நாலு பேர், மதலேன், சாமியார், மண்வெட்டியோடு மூன்று பெண்கள். அவ்வளவு பேர்தான் போக முடிந்தது. சந்தியாகு ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கத்தில் நின்றவர் ஒரு அடி வலதுபக்கம் நகர்ந்தார், வழி அடைபட்டது. மிச்சமிருந்த கீழத்தெரு முழுக்க மறுபுறம் தண்ணீரில் நின்றது. பிலோமினா பெட்டியோடு மேட்டில் நின்றாள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று மதலேனிடம் கேட்டாள்.

மதலேன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. "வெட்டுங்க" என்று ஒரு மண்வெட்டியை நீட்டினாள்.

தொம்மைக்குக் குழி வெட்டத் தொம்மை இல்லாததால் நேரம் பிடித்தது. எட்டுப் பேர் மாறி மாறி வெட்டினார்கள். மேல்மண் ஈரம், ஒரு முழத்துக்குக் கீழே மண் காய்ந்து பொலபொலவென்று வந்தது. மதலேன் அதை ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் விழவிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வந்தவர்கள் மேற்கைப் பார்த்து நின்றார்கள். பெட்டி இப்போது மேற்கே இருந்தது. மேலத்தெரு முழுக்க அவளுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பினால் மறுபுறம் கீழத்தெரு. திரும்பாவிட்டால் இந்தக் குழி. நகர்ந்தால் சுவர் போய்விடும். மழை அவர்கள் நெற்றியில் விழுந்து, கண்ணில் இறங்கி, வாய்வழியாக ஒழுகியது. துடைக்கக் கையை எடுத்தால் தோள் விலகும் என்று துடைக்காமல் நின்றார்கள்.

சாமியார் செபத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கோபத்தைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டி காய்ந்த மண்ணில் இறங்கி உட்கார்ந்தது, மிதக்கவில்லை, மேலே வரவில்லை. மண் தள்ளி முடித்து, சுமந்து வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, "போலாமா மதலேனு?" என்று கேட்டார்கள்.

"நீங்க போங்க."

அவள் அப்பாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில், சேற்றுக்கையை இடுப்பில் ஊன்றி நின்று, வடகோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தாள். தேவசகாயம் கண்ணைத் தாழ்த்தினார். அவர் திரும்ப நிமிர்த்தும்வரை காத்திருந்தாள். பிறகு ரெஜினா. பிறகு கிளமெண்ட். சந்தியாகு சார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்; மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரமில்லை. மழை விட்டது, வெளிச்சம் மங்கத் தொடங்கியது, இன்னும் பாதி முகங்கள் பாக்கி இருந்தன.